ஏடிவி பெல்ட் அடிக்கடி கருகுகிறதா? புதுப் பெல்ட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெல்ட் போய்விட்டது, புதுசு மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஏடிவிக்கு (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) புதியவர்கள் அதிகம் காசை விடும் இடம். பெல்ட் தானாகப் போவது அபூர்வம். கிளட்ச்சில் தேய்ந்த பாகம், அடைபட்ட காற்றுக் குழாய், கசியும் சீல், தப்பான கியரில் ஓட்டும் பழக்கம் என்று ஏதாவது ஒன்று அதைத் தின்றிருக்கும். அது அப்படியே இருக்கும்போது புதுப் பெல்ட்டைக் கொடுத்தால் அதையும் தின்னும். அதனால் விலை குறைந்த, சுலபமான சோதனையிலிருந்து தொடங்கி மேலே போகும் வரிசையில் படிகளைக் கொடுத்திருக்கிறேன். நடுவில் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இது சிவிடி பெல்ட் உள்ள வண்டிகளுக்கு, அதாவது இன்ஜின் பக்கப் புல்லி (ப்ரைமரி), கியர் பெட்டிப் பக்கப் புல்லி (செகண்டரி) இரண்டுக்கும் நடுவே ஓடும் பெல்ட்டே வேக விகிதத்தைத் தானாக மாற்றும் வண்டிகளுக்கு மட்டும். போலாரிஸ், கேன்-ஆம், யமஹா, கவாசாகி, சுசுகி, சிஎஃப்மோட்டோ ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் ஏடிவிகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஹோண்டா ஏடிவிகளில் பெரும்பாலானவை பெல்ட் இல்லாமல் கியர் பெட்டியில் ஓடுபவை, அவற்றுக்கு இது பொருந்தாது. ஸ்கூட்டர் வேரியேட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இங்கே பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

1. முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்

உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். வண்டியோடு வரும் ஓனர்ஸ் மேனுவல் போதாது. பெல்ட்டின் குறைந்தபட்ச அகலம், ஸ்பிரிங் நீளம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய டார்க் (இறுக்கும் விசை) அளவு எல்லாம் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். ஒரே பெயரில் விற்கும் வண்டிக்கே ஆண்டுக்கு ஆண்டு கிளட்ச் மாறுவதுண்டு. எனவே சேஸிஸ் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டு அதை வைத்தே பாகம் தேடுங்கள்.

பழைய பெல்ட் மாற்றிய பில், அப்போதைய கிலோமீட்டர், இன்ஜின் ஓடிய மணிநேரம் இருந்தால் எடுத்து வையுங்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால் கவரைத் திறப்பதற்கு முன்பே டீலரிடம் கேட்டுவிடுங்கள். பெல்ட் தேயும் பொருள் என்று பல வாரண்டிகள் அதை ஏற்பதில்லை. ஆனால் பெல்ட்டைக் கெடுத்தது கசிந்த சீலோ உடைந்த கிளட்ச் பாகமோ என்றால் பேச இடமுண்டு. அதற்கு அறுந்த பெல்ட்டும் பிரிக்கும்போது எடுத்த படங்களும் வேண்டும். பழைய பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

கருவிகள்: கவர் ஸ்க்ரூவுக்கு ஏற்ற 8 மி.மீ. சாக்கெட் அல்லது டார்க்ஸ் பிட், டார்க் ரெஞ்ச், வெர்னியர் காலிப்பர், செகண்டரி புல்லியை விரிக்கும் போல்ட் (பல வண்டிகளின் டூல் கிட்டிலேயே இருக்கும்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நார் வராத துணி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறத் தேய்ப்பான் போன்ற ஒன்று. ப்ரைமரி கிளட்ச்சை வண்டியிலிருந்தே கழற்றுவதாக இருந்தால் அந்த மாடலுக்கான புல்லர் வேண்டும். அது இப்போது வேண்டாம், தேவைப்படாமலே போகலாம்.

2. உங்களுடையது எந்த வகை கிளட்ச்

இன்ஜின் பக்கம் இருப்பது ப்ரைமரி, கியர் பெட்டிப் பக்கம் இருப்பது செகண்டரி. வேகம் கூடக்கூட ப்ரைமரி மூடிக்கொண்டு பெல்ட்டை மேலே தள்ளும், செகண்டரி விரிந்து பெல்ட்டை உள்ளே இறக்கும். இது எல்லா வண்டிக்கும் பொது. வண்டி நிற்கும்போது இன்ஜினை எது பிரித்து வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

போலாரிஸ், கேன்-ஆம், கவாசாகி ப்ரூட் ஃபோர்ஸ் போன்றவற்றில் பெல்ட்டே கிளட்ச் வேலையையும் செய்கிறது. ஐடிலில் ப்ரைமரி புல்லி பெல்ட்டைப் பிடிக்காமல் சும்மா சுற்றும், ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் கவ்வும். ஒவ்வொரு முறை வண்டி நகரத் தொடங்கும்போதும் பெல்ட் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கிறது. ஆகவே ஓட்டும் முறை தப்பாக இருந்தால் பெல்ட்தான் அடிவாங்கும்.

யமஹா கிரிஸ்லி, சுசுகி கிங்க்வாட் போன்றவற்றில் இன்ஜினுக்கும் ப்ரைமரிக்கும் நடுவே எண்ணெயில் ஓடும் தனி சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் இருக்கிறது. பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். தொடக்க வழுக்கலை அந்த வெட் கிளட்ச் வாங்கிக்கொள்வதால் பெல்ட் நீண்ட நாள் உழைக்கும். பெல்ட் நன்றாக இருந்தும் வண்டி வழுக்கினால் இந்த வகையில் சந்தேகம் வெட் கிளட்ச் மேல் திரும்ப வேண்டும்.

கவரைத் திறந்ததும் அடையாளம் சுலபம். இன்ஜின் நின்றிருக்கையில் பெல்ட்டின் இரு பக்கமும் ப்ரைமரி புல்லியைத் தொடாமல் சின்ன இடைவெளி தெரிந்தால் முதல் வகை. கெட்டியாகக் கவ்வியிருந்தால் இரண்டாவது.

3. திறக்கும் முன் ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். பிரித்த பிறகு இந்தத் தகவல் கிடைக்காது.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, ரப்பர் வாடை வருகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. ஈரமா, தேய்மானமா, செகண்டரி ஸ்பிரிங் தளர்ந்ததா என்பது பிறகு தெரியும். புறப்படும்போது மட்டும் 'தட் தட்' என்று சீராக அடித்து, வேகம் கூட அந்த அடியும் விரைவானால் பெல்ட்டில் ஒரு இடம் கருகிக் குழிந்திருக்கிறது. ஐடிலிலேயே வண்டி முன்னால் ஊர்ந்தாலோ, நிறுத்திக் கியர் மாற்றும்போது கரகரவென்று அரைத்தாலோ ப்ரைமரி முழுதாக விடுபடவில்லை. அப்போது ஐடில் ஆர்பிஎம் அதிகமா, பெல்ட் மிக இறுக்கமா, ப்ரைமரி ஸ்பிரிங் உடைந்ததா என்று பாருங்கள். மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் கொடுத்தால் இழுவை வரத் தாமதமானால் செகண்டரி திரும்பி மூட நேரமெடுக்கிறது. இறக்கத்தில் இன்ஜின் பிரேக் கிடைக்காவிட்டால், அந்த வசதியுள்ள வண்டியில், ஒன்-வே பேரிங் (ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் பேரிங்) போயிருக்கலாம்.

முழு ஆக்சிலரேட்டரில் எட்டும் அதிகபட்ச ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு மேனுவல் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேலே போனால் வெயிட் (சுழலும்போது ப்ரைமரியை மூடவைக்கும் எடைகள்) லேசாகிவிட்டது அல்லது பெல்ட் வழுக்குகிறது. எட்டாமல் கீழேயே நின்றால் வெயிட் கனம் அல்லது இன்ஜினிலேயே பலம் குறைவு. பெரிய டயர் மாட்டியிருந்தாலும், கடல் மட்டத்திலிருந்து மிக உயரமான இடத்தில் ஓட்டினாலும் இந்த எண் கீழே வரும். உயரத்துக்கேற்ற வெயிட், ஸ்பிரிங் அட்டவணையைப் பல நிறுவனங்கள் மேனுவலிலேயே கொடுக்கின்றன.

4. காசு செலவில்லாத சோதனைகள்

தண்ணீர். ஆற்றைக் கடந்த பிறகோ பிரஷர் வாஷ் செய்த பிறகோ வழுக்கத் தொடங்கியது என்றால் பெல்ட்டில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். கவரின் அடியில் டிரெயின் பிளக் இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் அல்லது பார்க்கில் வைத்து, ஐடிலுக்கும் பாதி ஆக்சிலரேட்டருக்கும் நடுவே 10-15 விநாடி ஏற்றி இறக்குங்கள். லோ கியரில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் திரும்பச் செய்யுங்கள். ஈரப் பெல்ட்டை ஹை கியரில் வைத்து அடித்துக் காய வைக்கலாம் என்று நினைத்தால் நிமிடங்களில் கருகிவிடும்.

காற்று. பெல்ட்டைக் குளிர வைக்கும் காற்று ஒரு குழாயில் வந்து இன்னொன்றில் வெளியேறுகிறது. இரண்டையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சேறு, புல், எலிக்கூடு எல்லாம் கிடைக்கும். வடிகட்டி இருந்தால் கழுவுங்கள். குழாயின் கிளாம்ப் தளர்ந்து நழுவியிருப்பது அடிக்கடி நடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

உருளும் தடை. சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றுங்கள். பிடித்துக்கொண்ட பிரேக், காய்ந்துபோன வீல் பேரிங், காற்றிறங்கிய டயர் இவற்றின் சுமை முழுவதும் பெல்ட் தலையில்தான் விழும். இதைச் சரிபார்க்காமல் கிளட்ச்சைப் பிரித்துப் பல மணிநேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய.

ஐடில். பல ஏடிவிகளின் ஐடில் 1200 ஆர்பிஎம் சுற்றுவட்டத்தில் இருக்கும். சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். கேபிள் இறுக்கத்தால் அது உயர்ந்திருந்தால் முதல் வகை கிளட்ச்சில் பெல்ட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும்.

5. கவரைத் திறந்து பெல்ட்டைக் கழற்றுவது

இன்ஜின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது, அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் மாட்டும்போது குழம்பாது. எட்டாத மூலையில் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை மறந்துவிட்டுக் கவரை நெம்பினால் பிளாஸ்டிக் காது உடையும்.

கவரைத் திறந்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தாலோ கிளட்ச் துண்டு தெறித்தாலோ தடுக்க எதுவும் இல்லை.

பெல்ட்டைத் தொடுவதற்கு முன் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று சாக்பீஸால் அம்பு போடுங்கள். பழையதையே திரும்ப மாட்டினாலும் அதே திசைதான்.

போலாரிஸ், கேன்-ஆம் வகையில் செகண்டரியில் உள்ள துளையில் விரிக்கும் போல்ட்டைத் திருகினால் புல்லி அகலும், பெல்ட் உள்ளே தளரும், பிறகு செகண்டரி விளிம்பின் மேலாக வழித்து எடுக்கலாம். யமஹா வகையில் செகண்டரியை இதேபோல் விரித்த பிறகு ப்ரைமரியின் நட்டைக் கழற்றி அசையும் பாதியை வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது பின்தகடும் ரோலர்களும் இடம்மாறி விழாமல், மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து இழுங்கள். ஒரு ரோலர் நழுவினாலும் மாட்டிய பிறகு வேரியேட்டர் கோணலாக ஓடும்.

ஸ்க்ரூடிரைவர் நுழைத்து நெம்பாதீர்கள். புல்லி அலுமினியம். நெம்பிய இடத்தில் எழும் சின்னப் பிசிறு புதுப் பெல்ட்டின் பக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் சீவும்.

6. பழைய பெல்ட்டைப் படியுங்கள்

நல்ல வெளிச்சத்தில் பெல்ட்டை உள்வெளியாக மெல்ல வளைத்து, முழு வட்டமும் கையால் தடவிப் பாருங்கள். என்ன தப்பு நடந்திருக்கிறது என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில் இடுப்பு ஒடுங்கியது போல இருபக்கமும் குழிந்து, அங்கே ரப்பர் கருகிப் பளபளக்கிறதா? சக்கரம் அசையாமல் நிற்கும்போது ப்ரைமரி மட்டும் சுற்றி அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறது. சேற்றில் புதைந்து நிற்கையில் ஹை கியரில் முறுக்கியது, மரக்கட்டையில் முட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தது, சாய்பலகையில் லாரிக்கு ஏற்றும்போது ஹை கியரில் மெல்ல மெல்ல அழுத்தியது இவைதான் வழக்கமான காரணம். இது கிளட்ச் கோளாறு அல்ல, ஓட்டிய விதம். இந்தப் பெல்ட் திரும்பிச் சரியாகாது.

வட்டம் முழுவதும் பக்கங்கள் கண்ணாடி போல மின்னுகின்றனவா? நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்கிறது. காற்றுக் குழாய், செகண்டரி ஸ்பிரிங், புல்லி அழுக்கு, மெதுவான வேகத்தில் ஹை கியர் இவற்றைப் பாருங்கள். லேசான மினுமினுப்பைத் தேய்ப்பானால் தேய்த்து எடுத்து அவசரத்துக்கு ஓட்டலாம்.

பற்களுக்கு நடுவே குறுக்கு வெடிப்புகள் இருந்தால் சூடும் வயதும் சேர்ந்து செய்த வேலை. பற்கள் அங்கங்கே பிய்ந்து போயிருந்தால் திடீர் அதிர்ச்சி. மேட்டிலிருந்து தாவி ஆக்சிலரேட்டரை விடாமல் தரையிறங்கும்போது சக்கரம் சட்டென நின்று மீண்டும் பிடிக்கிறதல்லவா, அந்த உதைதான் பற்களைப் பிய்க்கிறது.

ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினாலோ ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். புதுப் பெல்ட் வாங்கும் முன் இன்ஜின் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள். ஒன்று அறுந்திருந்தால் சுமை வரும்போது இன்ஜின் சாய்ந்து ப்ரைமரியையும் சாய்க்கும். நிறுத்தி வைத்து நேர்ப்பட்டை பிடித்தால் சரியாகத்தான் தெரியும், அதனால் ஏமாறுவது எளிது. ஒரு புல்லி மற்றதிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க மாடலுக்கு மாடல் தனி அளவுப்பட்டை உண்டு.

இரண்டாக அறுந்த பெல்ட்டில் அறுந்த முனையைப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் உள்நூல் ஏற்கெனவே உடைந்திருந்தது, பெரும்பாலும் மாட்டும்போது முறுக்கியதாலோ மடக்கியதாலோ. பஞ்சாகப் பிரிந்து நாலாபக்கமும் சிதறியிருந்தால் அதிவேகத்தில் சூடேறி வெடித்தது.

தொட்டால் பிசுபிசுப்பு, ரப்பர் மிருதுவாக ஊதியிருக்கிறது என்றால் எண்ணெய் பட்டிருக்கிறது. துடைத்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயை ரப்பர் குடித்துவிடும்.

எந்த அடையாளமும் இல்லையா? வெளிப்புற அகலத்தை வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஒழுங்காகத் தேய்ந்து எல்லையைத் தொட்ட பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது, அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம், மாற்றுங்கள்.

7. புல்லியும் ஆயில் சீலும்

பெல்ட் ஓடும் முகத்தில் விரல் நகத்தை மையத்திலிருந்து விளிம்பு வரை இழுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. பெல்ட் அந்தப் பள்ளத்தில் சிக்கி மேலே ஏறத் தயங்கும். ஆழமான பள்ளம் என்றால் புல்லி மாற்றம்தான். சூட்டால் நிறம் மாறியிருந்தால் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. மெல்லிய கறுப்புப் படலம் மட்டும் என்றால் தேய்ப்பானும் ஆல்கஹாலும் போதும். முகத்தில் எந்த எண்ணெயும் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள்.

உள்ளே நனைந்திருந்தால் வெள்ளைத் துணியால் ப்ரைமரிக்குப் பின்னாலும் செகண்டரிக்குப் பின்னாலும் தனித்தனியாகத் துடையுங்கள். ப்ரைமரிப் பின்புறம் எண்ணெய் என்றால் இன்ஜின் பக்கச் சீல். செகண்டரிப் பின்புறம் என்றால் கியர் பெட்டிச் சீல். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் அடிக்கும், முகர்ந்தாலே தெரியும். இரண்டு இடமும் காய்ந்திருந்து தூசி மட்டும் குவிந்திருந்தால் அது பெல்ட் தேய்ந்த பொடி. கொஞ்சம் இருப்பது இயல்பு.

வண்டியில் பெல்ட் அறுந்து போயிருந்தால் இங்கே பொறுமை வேண்டும். பிரிந்த நூல்கள் ப்ரைமரிக்குப் பின்னால் தண்டைச் சுற்றிக்கொண்டு சீலை அறுக்கும். கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஒவ்வொரு நூலையும் எடுங்கள், காற்றுக் குழாய்க்குள்ளும் தேடுங்கள். விட்டுவைத்த நூல் சில நாளில் எண்ணெய்க் கசிவாகத் திரும்பி வரும்.

கவாசாகி ப்ரூட் ஃபோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெல்ட் அறுந்ததைக் கண்டறியும் சுவிட்ச் கவருக்குள் இருக்கிறது. அது ஒருமுறை இயங்கிவிட்டால் புதுப் பெல்ட் மாட்டிய பிறகும் விளக்கு மின்னும், இன்ஜின் வேகம் கட்டுப்பட்டே இருக்கும். சுவிட்ச்சைப் பழைய நிலைக்குத் தள்ளி, மேனுவலில் உள்ள ரீசெட் முறையைச் செய்தால்தான் விடும். இது தெரியாமல் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

8. ப்ரைமரி கிளட்ச்

அசையும் பாதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே வெளியே போவது சரி, பக்கவாட்டில் தள்ளாடக் கூடாது. தள்ளாடினால் நடுப்புஷ் தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த ப்ரைமரி கோணலாக மூடி, எவ்வளவு விலையுயர்ந்த பெல்ட்டையும் தின்னும்.

ஃப்ளைவெயிட் உள்ள வகையில் வெயிட்டின் வளைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். அந்த வளைவு சீராக ஓட வேண்டும். நடுவில் தட்டையோ அலையோ தெரிந்தால் வண்டி அந்த வேகத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். ஸ்பைடரின் (ப்ரைமரிக்குள் ரோலர்களைத் தாங்கும் கைகள் கொண்ட பாகம்) ரோலர்கள் தாராளமாகச் சுற்றுகின்றனவா, பக்கவாட்டுப் பட்டன்கள் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஐடிலில் 'கடகட' சத்தம் பெரும்பாலும் இந்தப் பட்டன்கள்தான்.

ரோலர் வெயிட் வகையில் ஒவ்வொரு ரோலரையும் சமமான பரப்பில் உருட்டுங்கள். தட்டையானது உருளாமல் நிற்கும். ஒன்று தேய்ந்திருந்தாலும் மொத்தத் தொகுதியையும் ஒரே கிராம் எடையில் மாற்றுங்கள். ரோலரின் மூடிய முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேனுவல் சொல்லும், திருப்பிப் போட்டால் சீக்கிரம் தேயும். பின்தகட்டின் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள் விலை மலிவு, கையோடு மாற்றிவிடுங்கள்.

பிரிக்கும் முன் கவர், ஸ்பைடர், புல்லி மூன்றிலும் உள்ள 'எக்ஸ்' குறிகளைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மார்க்கரால் நீங்களே ஒரு கோடு போடுங்கள். மொத்தமாகச் சமநிலை செய்யப்பட்ட பாகங்கள் அவை, இடம் மாறினால் அதிரும். கவர் ஸ்க்ரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, கடைசி ஸ்க்ரூவில் கவர் முகத்தில் அடிக்கும்.

ஸ்பைடரைக் கழற்றுவது வீட்டு வேலை அல்ல. மிகப் பெரிய டார்க்கும் தனிப் பிடிகருவியும் வேண்டும். அதை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். ப்ரைமரியைக் கழற்றியிருந்தால், கூம்பாக உள்ள தண்டைச் சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் இல்லாமல் காய்ந்த நிலையில் மாட்டுங்கள். பொதுவாகப் போலாரிஸ் வகைப் ப்ரைமரி உலர்ந்தே ஓடுவது, கிரீஸ் வைத்தால் தூசி ஒட்டிச் சிக்கும். யமஹா வகையில் மேனுவல் காட்டும் இடங்களில் கிரீஸ் உண்டு. ஒன்றின் வழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெட் கிளட்ச் உள்ள வண்டி, பெல்ட்டும் புல்லியும் நன்றாக இருந்தும் வழுக்குகிறது என்றால், இன்ஜின் ஆயில் என்ன ஊற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். அந்தக் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஓடும் வண்டிக்குக் காருக்கான உராய்வு குறைக்கும் ஆயில் ஆகாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ தரக்குறி இருக்க வேண்டும். ஆயில் மாற்றியும் தீராவிட்டால் கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கிறது.

9. செகண்டரி கிளட்ச்

பெல்ட் இல்லாமல் அசையும் பாதியைக் கையால் திருகி விரித்து விடுங்கள். படக்கென்று திரும்பி மூட வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் புஷ் சிக்குகிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. உள்ளே ஹெலிக்ஸ் எனப்படும் சரிவான பாகத்தில் ரோலர்கள் அல்லது பட்டன்கள் ஓடிய தடம் குழிந்திருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை நிறுத்தி வைத்துத் தளர்நிலை நீளத்தை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே வைத்திருந்த துளையிலேயே ஸ்பிரிங் முனையை மாட்டுங்கள், துளை மாறினால் இறுக்கமும் மாறும். இங்கும் கவர் கழலும்போது ஸ்பிரிங் தள்ளும்.

10. புதுப் பெல்ட்

பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள், 'இந்த வண்டிக்கும் சேரும்' என்ற பேச்சை வைத்து அல்ல. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகல வித்தியாசமே ஐடிலில் ஊர்வதற்கும் உச்ச வேகம் குறைவதற்கும் போதும். வாங்கிய அன்றே அகலத்தை அளந்து பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். அடுத்த முறை எவ்வளவு தேய்ந்தது என்று உங்கள் கணக்கே சொல்லும்.

அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பொருள் பெல்ட்டில் ஒட்டியிருக்கும். வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவி, முழுதாகக் காய வையுங்கள். பிரேக் கிளீனரைப் பெல்ட்டில் அடிக்காதீர்கள். அம்பு இருந்தால் சுழலும் திசையில், இல்லாவிட்டால் எழுத்து வெளியில் நின்று பார்த்தால் நேராகப் படிக்கும்படி மாட்டுங்கள்.

ப்ரைமரி நட்டைக் கழற்றி மாட்டும் வகை வண்டிகளில் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. பெல்ட் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே நசுங்கியிருக்கும்போது இறுக்கினால் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லிவிடும், ஆனால் நட்டு உண்மையில் இறுகியிருக்காது. சில மணிநேரம் ஓடியதும் தளர்ந்து, தண்டின் பற்களை மொட்டையாக்கும். அது பெல்ட்டைப் போலப் பல மடங்கு செலவு. செகண்டரியை நன்றாக விரித்துப் பெல்ட்டை ஆழமாக உள்ளே இறக்கிவிட்டு, ப்ரைமரிப் பக்கம் அது தொளதொளவென்று இருப்பதைப் பார்த்த பிறகே இறுக்குங்கள்.

விரிக்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, செகண்டரியைக் கையால் பல சுற்று சுற்றுங்கள். பெல்ட் மேலே ஏறி, அதன் வெளிமுகம் செகண்டரி விளிம்போடு சமமாகவோ துளி மேலேயோ நிற்க வேண்டும். ஆழத்தில் தங்கிவிட்டால் இறுக்கம் சரியில்லை. பல மாடல்களில் இதை வாஷர் அல்லது சரிசெய்யும் ஸ்க்ரூவால் மாற்றலாம். விரிக்கும் போல்ட்டை உள்ளேயே மறந்து கவரை மூடுபவர்கள் உண்டு, எண்ணிப் பாருங்கள்.

கவர் ரப்பர் சீல் பள்ளத்தில் சரியாக அமர்ந்ததா, டிரெயின் பிளக் மாட்டியாயிற்றா என்று பார்த்து, பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் போட்டு ஐடிலில் ஊர்கிறதா பாருங்கள். புதுப் பெல்ட்டில் மிக லேசான இழுப்பு பழகும்போது போய்விடும். பிரேக்கை விட்டதும் வண்டி ஓடத் தொடங்கினால் திரும்பத் திறந்து இறுக்கத்தைப் பாருங்கள்.

11. பழக்கும் காலம்

முதல் 50 முதல் 80 கி.மீ. வரை பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாதீர்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், நடுநடுவே நிறுத்தி ஆற விடுங்கள். சுமை இழுப்பது, செங்குத்து ஏற்றம், சேறு எதுவும் வேண்டாம். பெல்ட்டின் பக்கங்கள் புல்லி முகத்தோடு பொருந்திக்கொள்ளும் காலம் இது.

அதன் பிறகும் மணிக்கு 10-12 கி.மீ.க்குக் கீழே நெடுநேரம் போகும் இடத்தில், சுமை இழுக்கையில், பாறை ஏறுகையில், லாரிக்கு ஏற்றுகையில் லோ கியர்தான். புறப்படும்போது பயந்து பயந்து துளித்துளியாக அழுத்துவது மென்மையான ஓட்டம் போலத் தோன்றும். முதல் வகை கிளட்ச்சில் அதுதான் பெல்ட்டை எரிப்பது. லோவில் போட்டுத் தயங்காமல் கொடுங்கள்.

12. நேரமும் செலவும்

முதல் முறை பெல்ட் மாற்ற ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள், பழகிவிட்டால் முக்கால் மணியில் முடியும். யமஹா வகைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். புல்லி சுத்தம், அளவுகள் எல்லாம் சேர்த்தால் அரை நாள். ப்ரைமரியைப் பிரித்து வெயிட், புஷ், ஸ்பிரிங் மாற்றுவதற்கு முழு நாள், பாகம் வரக் காத்திருக்கும் நாட்கள் தனி. பாகம் வந்து சேரும் வரை பிரித்ததைப் பெட்டியில் மூடி வையுங்கள், தூசி உள்ளே போனால் மறுபடி கழுவ வேண்டியிருக்கும்.

செலவில் ஸ்லைடர், பட்டன், ஸ்பிரிங் அடிமட்டம். அதற்கு மேல் ரோலர் தொகுதி, பெல்ட். சீல் பாகமாக மலிவு, ஆனால் அதை மாற்ற ப்ரைமரியையோ செகண்டரியையோ இறக்க வேண்டும் என்பதால் கூலி ஏறும். எனவே ஏதோ காரணத்துக்காகக் கிளட்ச் இறங்கியிருந்தால் பின்னாலுள்ள சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். முழு ப்ரைமரி எல்லாவற்றுக்கும் உச்சி. புஷ் தேய்ந்து புல்லியிலும் பள்ளம் விழுந்திருந்தால் தனித்தனியாகப் பாகம் வாங்கிக் கூட்டிப் பாருங்கள், பல சமயம் முழுக் கிளட்ச்சின் விலையை நெருங்கிவிடும்.

மாற்றுப் பெல்ட் ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். கூடவே கவர் ஸ்க்ரூவுக்கான சாக்கெட், விரிக்கும் போல்ட், டார்ச், நூல் பிடுங்க ஒரு கொறடு. பெல்ட்டை எட்டுப் போல மடக்கியோ, கேபிள் டையால் இறுக்கியோ, சைலன்சர் பக்கத்துப் பெட்டியிலோ வைக்கக் கூடாது. அது வந்த அட்டை உறையோடு, வட்டமாக, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். முடிந்தால் அதையும் ஒருமுறை மாட்டிப் பழக்கும் தூரம் ஓட்டிக் கழற்றி வையுங்கள். காட்டு நடுவில் பெல்ட் அறுந்து மாற்றும்போது 50 கி.மீ. மெதுவாக ஓட்டிப் பழக்க அங்கே வாய்ப்பிருக்காது.